உன் அப்பா அன்று சங்கத்தில் சொன்னது

ராசா,

நானும் உன் அப்பாவும் சௌக்கியம். இங்கே கோபர்கைரனேயில் இந்த வாரம் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. உன் அப்பாவின் முழங்கால்தான் ஒழுங்காக வரமாட்டேன் என்கிறது. இத்தனை பக்கத்தைப் பார்த்ததும் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு ஃபோன் இல்லையா என்பாய். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா, வைக்கேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். தமிழ்ப் பள்ளியில் சேர்ப்போம் என்று நான் சொன்னபோது இங்கிலீஷ்தான் சோறு போடும் என்று சொன்னவர் உன் அப்பா. அந்தச் சண்டை எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. ஆகையால் இதை உன் பெண்டாட்டி கலா வாசிக்கட்டும். நீ டி.வி.யை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேள். கலா, அம்மா, எந்த இடத்திலும் கூச்சப்பட்டு வரியை விழுங்கிவிடாதே. எழுதியதை எழுதியபடி வாசி.

போன மாதம் செம்பூரில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன் அல்லவா? அன்றைக்குக் குழந்தை விஷயமாகக் கலாவை டாக்டரிடம் கூட்டிப் போனோம். நானும் அவளும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். நீ வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாய். உள்ளே இருந்த நர்ஸ், "இவங்க வீட்டுக்காரர் இன்னும் டெஸ்ட் பண்ணலையா?" என்று ஹிந்தியில் கேட்டாள். கலா தலையைக் குனிந்துகொண்டாள். இதுதான் எனக்குத் தெரியும். அவள் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அவள் மேல் பாயாதே. வீட்டுக்கு வந்து நான்தான் மெதுவாகக் கேட்டேன், நீயும் ஒருதரம் பார்த்துவிடலாமே என்று. நீ என்ன சொன்னாய்? "எனக்கென்னம்மா குறை?" என்றாய். அதே வார்த்தையை, அதே மாதிரி மூக்கை விடைத்துக்கொண்டு, தாராவியில் உன் அப்பா என்னிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் உன் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பூச்சிமருந்து கலக்கும் ஆலையில் நீ சூப்பர்வைசர், ஏசி அறையில் உட்காருகிறவன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சட்டையில் காலரிலிருந்து கை மடிப்பு வரை மருந்து நாற்றம். என் பிள்ளையின் வாசனையைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சிரிப்பெல்லாம் போய்விட்டது.

இதை எழுதலாமா என்று உன் அப்பாவிடம் கேட்டேன். அவருடைய கதை, அவர் உத்தரவு வேண்டாமா? தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "எழுது. அவனுக்கு எழுதாம வேற யாருக்கு எழுதப் போற?" என்றார். "வேற யாராவது படிச்சிட்டா?" என்றேன். "ஊரே படிக்கட்டும் பிள்ள. நான் அன்னைக்கே ஊருக்கு முன்னால சொன்னவந்தான?" என்றார். அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.

நான் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தபோது அறுபதுகள் பிறந்திருந்தன. தகரக் கூரை போட்ட ஒரே அறை. பக்கத்து அறையில் உன் பெரிய அத்தை, அப்பாவின் அக்காள், குடும்பத்தோடு இருந்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், பம்பாய்க்குக் கூட்டி வந்து ஆளாக்கியவள். அந்த அறையில் எனக்குச் சொந்தம் என்று இருந்தது உன் அப்பாதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வயதாகிவிட்டது, இனி யாருக்கு வெட்கம்? அவர் வேலைக்குப் போனபின் அவர் கழற்றிப் போட்ட சட்டையை உடனே துவைக்க மனசு வராது. தேங்காய் எண்ணெயும் வேர்வையும் கலந்து அவருக்கென்று ஒரு வாசனை உண்டு. அதை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். ஊர் ஞாபகம் வந்து அழுகை முட்டும்போது அதுதான் எனக்கு மருந்து. உன் அத்தை ஒருநாள் பார்த்துவிட்டு, "ஏட்டி, சட்டையில என்னத்தத் தேடுத?" என்று கேட்டாள். "பொத்தான் அறுந்திருக்கா பாத்தேன் மைனி" என்று சமாளித்தேன்.

அப்போது அவர் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். பிறகுதான் பேட்டரித் தகடு செய்யும் பட்டறையில் சேர்ந்தார். தாராவிக்குள்ளேயே ஒரு சேட்டின் பட்டறை. காரீயத்தை உருக்கிச் சல்லடை மாதிரித் தகடு வார்ப்பார்கள். காரீயத்தைச் சுட்டுப் பொடித்த செம்மஞ்சள் பொடியைக் குழைத்து அந்தத் தகட்டின் கண்களில் அப்புவார்கள். அப்படி அப்புகிற இடத்துக்குப் பொடி மேடை என்று பெயர். மற்ற வேலையைவிட அங்கே கொஞ்சம் கூடுதல் கூலி. நம் ஊர்க்காரர்கள்தான் அந்த மேடையில் நின்றார்கள். உன் அப்பாவும் சுடலைமுத்து மாமாவும் எதிரெதிரே நின்று வேலை பார்த்தவர்கள். வேலை முடிந்து வரும்போது புருவத்தில், காது மடலில், நகக்கண்ணில் எல்லாம் அந்தப் பொடி இருக்கும். மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு வரும் புதுமாப்பிள்ளை என்று நான் கேலி பண்ணுவேன். அவரும் சிரிப்பார். இரண்டு பேருக்கும் ஒரு மண்ணும் தெரியாது.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் தேநீர் வேளைக்கு சேட்டின் ஆள் ஒரு தட்டில் வெல்லத்தை உடைத்துக்கொண்டு வந்து பொடி மேடையிலேயே வைத்துவிட்டுப் போவான். வெல்லம் தின்றால் தொண்டையில் ஒட்டிய தூசி வயிற்றுக்குள் இறங்கி வெளியே போய்விடும் என்று பம்பாயில் பஞ்சாலைக்காரர்கள் முதல் எல்லாரும் நம்பினார்கள். சேட்டும் நல்ல மனசோடுதான் கொடுத்தார். நான் சும்மா இருப்பேனா? ஊரிலிருந்து ரயிலில் வருகிறவர்களிடம் சொல்லி உடன்குடிக் கருப்பட்டி வரவழைப்பேன். சேட் கொடுக்கிற வெல்லத்தைவிட நம் கருப்பட்டிக்கு வீரியம் அதிகம் என்று எனக்கு ஒரு பெருமை. அதை உடைத்து ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவேன். உன் அப்பா அதை மேடையின் ஓரத்திலேயே வைத்துக்கொண்டு, தொண்டை கரகரக்கும்போதெல்லாம் பொடி படிந்த கையாலேயே ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். சுடலை மாமாவுக்கும் கொடுப்பார். தூசிக்கு மருந்து கொடுத்து அனுப்புகிறோம் என்ற நினைப்பில் நான் நிம்மதியாக இருந்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய வாசனை மாறியது. முதலில் பொடியின் வாசனை என்று நினைத்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் அது போகவில்லை. வேர்த்த கையில் நெடுநேரம் காசை மூடி வைத்திருந்தால் ஒரு வாடை வருமே, அது. அவருடைய பழைய வாசனை அதற்கடியில் எங்கோ ஒளிந்துகொண்டது. சோறு இறங்காது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார், முகம் வெளிறிப்போனது. எல்லாவற்றுக்கும் ஓமத் தண்ணீர் கொடுத்தேன். குழந்தையோ உண்டாகவில்லை. வருஷங்கள் போயின. கூட வந்த பெண்களெல்லாம் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று குழாயடிக்கு வந்தார்கள். நான் மாட்டுங்கா கோவிலில் விளக்குப் போட்டேன், புதன்கிழமை தோறும் மாஹிம் மாதா கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன், அத்தை அரைத்துக் கொடுத்த பச்சிலையெல்லாம் குடித்து வாந்தி எடுத்தேன். ராசா, ஒன்று கவனித்தாயா? அத்தனை மருந்தும் என் தொண்டைக்குள்தான் போனது. ஒரு சொட்டு உன் அப்பாவுக்கு யாரும் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை.

கடைசியில் உன் அத்தை முடிவு பண்ணிவிட்டாள். ஊரில் அவளுக்குத் தெரிந்த ஒரு பெண். உன் அப்பாவுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைக்கலாம், நானும் கூடவே இருந்துகொள்ளலாம் என்றாள். கெட்ட எண்ணத்தில் சொன்னவள் இல்லை. தம்பிக்கு வாரிசு வேண்டும் என்று தவித்தாள், அவ்வளவுதான். "உன்ன ஒண்ணும் விரட்டலட்டி. நீயே மூத்தவளா இருந்து ஆளு. பிள்ளைய நீயே வளத்துக்கோ" என்றாள். நம் ஊர்க்காரர்களுக்குத் தாராவியில் ஒரு சங்கம் உண்டு. சாவு, கல்யாணம், அடிதடி, எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை அங்கே வைத்துப் பேசித் தீர்ப்பார்கள். அவர்கள் சரி என்று சொன்னால் இரண்டாம் கல்யாணம் ஊரில் பேச்சாகாமல் நடக்கும். அத்தை சங்கத் தலைவரிடம் போய்ச் சொல்லி வைத்துவிட்டாள். உன் அப்பா மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அப்படிச் சும்மா இருந்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த நாட்களில்தான் மாட்டுங்காவில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தார். தமிழ்க்காரர், நரைத்த தலை, அதட்டலான குரல். என்னைப் பார்த்துவிட்டு, "உங்க உடம்பிலே எனக்கு ஒண்ணும் தெரியலை. ஆத்துக்காரர் என்ன வேலை பண்றார்?" என்று கேட்டார். சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். நான் எங்கே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்? "அவுக வாசனையே மாறிப்போச்சும்மா" என்று உளறிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஆண் பட்டுப்பூச்சி இருக்கே, பெண் பூச்சியோட வாசனையைப் பிடிச்சுண்டே வெகு தூரத்திலேர்ந்து வந்துடும். அந்த வாசனைச் சரக்கை இப்போதான் பிரிச்செடுத்திருக்கா. மனுஷாளுக்கும் அப்படி உண்டான்னு யாருக்கும் தெரியாது. ஆனா உங்க மூக்கு சொன்னதை நான் தள்ள மாட்டேன். அவரை அழைச்சுண்டு வாங்கோ. அவரைப் பார்க்காம உங்களுக்கு இன்னொரு மாத்திரை எழுத மாட்டேன்" என்றார். நீ கெமிஸ்ட்ரி படித்தவன், அந்தச் சரக்குக்குப் பெரோமோன் என்று நீதான் ஒருநாள் எனக்குப் பெயர் சொன்னாய். எனக்கு அது இன்றைக்கும் பட்டுப்பூச்சி வாசனைதான்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். "எனக்கென்ன குறை?" என்றார். மீசையைத் தடவிக்கொண்டார், மூக்கு விடைத்தது. "மூட்டை தூக்குன உடம்பு இது. ஆம்பிளையப் போயி சோதிக்கச் சொல்லுதா, அவ என்ன டாக்டரு?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. திரும்பி வந்ததும் சொன்னேன்: "நான் உங்க அக்கா சொல்லுததுக்குச் சம்மதிக்கேன். நானே நின்னு தாலி எடுத்துக் குடுக்கேன். ஆனா அதுக்கு முன்னால ஒரு தடவை நீங்க டாக்டரம்மாட்ட வரணும். குறை எனக்குத்தான்னு தெரிஞ்சா நான் ஒரு வார்த்த பேசல. தெரியாமலே என் தலையில கட்டாதிய." சில நாள் என் முகத்தையே பார்க்கவில்லை. பிறகு ஒரு காலை, நான் தனியாகவே டாக்டரம்மாவைப் பார்க்கக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் குடையை எடுத்தார். எனக்குத் தருகிறார் என்று கையை நீட்டினேன். தரவில்லை. "நில்லு. நானும் வாரேன்" என்றார். ராசா, எத்தனையோ பேர் எனக்கு என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். இந்த வார்த்தைக்கு ஈடாக இன்னொன்றை நான் கேட்டதில்லை.

டாக்டரம்மா முதலில் அவருடைய உதட்டைக் கீழே இழுத்துப் பார்த்தார். பல் ஈறு ஓரமாகக் கருநீலத்தில் ஒரு கோடு. வெற்றிலைக் கறை என்று நாங்கள் நினைத்திருந்தோம். "இது வெத்தலை இல்லை, காரீயம்" என்றார். ரத்தம் எடுத்தார்கள். பிறகு அந்த இன்னொரு சோதனை, ஆணின் வித்தைப் பார்ப்பது. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொடுத்து, வீட்டிலிருந்து எடுத்து வரலாம், ஆனால் சூடு ஆறாமல் உடம்போடு ஒட்டி வைத்துச் சீக்கிரம் கொண்டுவர வேண்டும் என்றார். உன் அப்பா அதைச் சட்டைக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு தாராவியிலிருந்து கிங்ஸ் சர்க்கிளுக்கு வேகமாக நடந்தார். பாதி வழியில் சங்கத் தலைவர் எதிரே வந்து, "ஏல, இந்த அரிசி மூட்டைக்கு ஒரு கை குடு" என்று கூப்பிட்டிருக்கிறார். கையைத் தூக்கினால் குப்பி விழும். "கை சுளுக்கிட்டு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஓட்டம். சாயங்காலத்துக்குள் செய்தி அத்தைக்குப் போய், அவள் சுடச்சுட எண்ணெய் கொண்டுவந்து தம்பியின் தோளை நீவி எடுத்துவிட்டாள். ஒன்றுமில்லாத சுளுக்குக்கு அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சி இருக்கிறதே, நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தேன். இதை இதுவரை அவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

முடிவு வந்த அன்று சிரிப்பு வரவில்லை. வித்து மிகவும் குறைந்திருக்கிறது, இருப்பதும் வலுவில்லாமல் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. காரீயம் ரத்தத்தில் ஏறி ஆணின் வித்தைக் கெடுக்கும் என்று மருத்துவர்களுக்கு வெகுகாலமாகத் தெரியுமாம். "எந்த வழியா உள்ளே போறதுன்னு பார்க்கணும். மூக்கு வழியாப் போகும். கை வழியா வாய்க்குப் போகும். அங்கே ஏதாவது சாப்பிடுவேளா?" என்று கேட்டார். உன் அப்பா வெல்லத்தையும் கருப்பட்டியையும் சொன்னார். டாக்டரம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "தூசியைக் கழுவறதா நெனச்சுண்டு தூசியைத்தான் தின்னுண்டு இருந்திருக்கேள்" என்றார். வெல்லத்தில் தப்பில்லை, அந்தக் கையில்தான் விஷம் என்றார். நான் அழுதேன். டாக்டரம்மா என்னை ஒரு அதட்டு அதட்டினார். "அழுது என்ன ஆகப் போறது? பொடி மேடையை விட்டு எறங்கச் சொல்லுங்கோ. உடம்பு தன்னைத்தானே துலக்கிக்கும். வித்து புதுசு புதுசா உண்டாறது, சில மாசம் பொறுங்கோ. நிச்சயம்னு சொல்ல மாட்டேன், நம்பிக்கை இருக்குன்னு சொல்றேன்" என்றார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சங்கக் கூட்டம். நான் அவரிடம் கெஞ்சினேன். "அங்க எதுவும் சொல்ல வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க. என்ன மலடின்னு சொன்னா சொல்லிட்டுப் போறாவ, எனக்குப் பழகிட்டு. உங்கள ஒரு சொல் சொன்னா என்னால தாங்க முடியாது." அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். சங்கத்து அறையில் ஆண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பெண்கள் வாசல் பக்கம் நின்றோம். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேசினாள். "எங்க அப்பா வம்சம் வெளங்கணும்லா அண்ணாச்சி? இவள நாங்க கைவிட மாட்டோம். அவளும் சம்மதிச்சிட்டா" என்றாள். தலைவர் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, உனக்குச் சம்மதந்தானா?" என்று கேட்டார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன்.

உன் அப்பா எழுந்தார். "அவகிட்ட கேக்காதிய அண்ணாச்சி. எங்கிட்ட கேளுங்க. குறை எங்கிட்டதான் இருக்கு. டாக்டரம்மா சோதிச்சிப் பாத்துட்டாவ. அவ உடம்புல ஒண்ணும் இல்ல. இத்தன வருசமும் நீங்க எல்லாரும் அவளத்தான் பேசுனிய, நானும் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தேன்" என்றார். பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான். உன் அப்பா அவனைத் திரும்பிப் பார்த்து, "சிரி, நல்லாச் சிரி. சிரிச்சு முடிச்சிட்டு வாயத் தொறந்து காட்டு" என்றார். தன் கீழுதட்டை விரலால் இழுத்து அந்தக் கருநீலக் கோட்டை எல்லாருக்கும் காட்டினார். "பொடி மேடையில நிக்கிறவன் எல்லாம் பாருங்க. இது இருந்தா காரீயம் ரத்தத்துல ஏறியிருக்குன்னு அர்த்தம். நம்ம திங்கிற வெல்லத்தோட தான் அது உள்ள போவுது." அப்புறம் ஒருவர் உதட்டை இழுத்துப் பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார். அவர் இன்னொருவருக்குக் காட்டினார். மீசை முறுக்கிய ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். சிரித்தவனின் ஈறிலும் கோடு இருந்தது.

சுடலை மாமா மட்டும் யார் வாயையும் பார்க்கவில்லை. அவர் மனைவிக்குக் கரு தங்கித் தங்கிக் கலைந்துகொண்டிருந்தது. ராசியில்லாதவள் என்று அவளை ஊருக்கு அனுப்பிவைத்திருந்தார். உதட்டைத் தொட்டுப் பார்த்தார், அப்படியே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, "அவள அடிச்சிட்டனே மக்கா" என்று தேம்பினார். அந்தக் கூட்டத்தில் இரண்டாம் கல்யாணப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை. அத்தை என் பக்கத்தில் வந்து நின்றாள். மன்னிப்பு, கின்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அது அவள் சுபாவமும் இல்லை. என் கையைப் பிடித்து, "வா, வீட்டுக்குப் போவம், வெயிலா இருக்கு" என்றாள். நீ பிறந்தபோது எனக்குப் பிள்ளைப்பேறு பார்த்து, பத்தியச் சோறு ஆக்கிப் போட்டவள் அவள்தான் என்பதை நீ மறக்கக் கூடாது.

மறுநாள் பொடி மேடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சேட்டிடம் போனார்கள். "குட் தோ தேதா ஹூம் நா?" என்று பாவம் அவர் திகைத்துப் போனார். வெல்லம் கொடுக்கிறேனே, இன்னும் என்ன என்று அவருக்கு நியாயமாகவே புரியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே பட்டறை வாசலில் ஒரு குழாய் போட்டுக் கொடுத்தார், சோப்பு வைத்தார். வெல்லத் தட்டு மேடையை விட்டு வெளியே போனது. கையும் முகமும் கழுவாமல் யாரும் தட்டைத் தொடக்கூடாது என்று சங்கத்திலேயே கட்டுப்பாடு வைத்தார்கள். வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே கழற்றிக் குளித்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும், வாயில் துணி கட்டிக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதையும் சொல்லிக் கொடுத்தார் உன் அப்பா. எல்லாரும் எல்லா நாளும் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். நிறையப் பேர் செய்தார்கள். உன் அப்பா மேடையை விட்டு இறங்கி, செய்து முடித்த பேட்டரிகளைக் கைவண்டியில் வைத்து மாட்டுங்கா கராஜ்களுக்குத் தள்ளிப்போகும் வேலைக்கு மாறிக்கொண்டார். கூலி குறைந்தது. மீன் வாங்கிய நாளில் கீரை வாங்கினோம். சுடலை மாமா ஊருக்குப் போய் மனைவியின் காலில் விழாத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பிறகு ஒருநாள் மத்தியானம். வெயிலில் வண்டி தள்ளிவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் துவைக்க எடுத்த சட்டையோடு அப்படியே நின்றுவிட்டேன். தேங்காய் எண்ணெய், வேர்வை, அவர். கல்யாணமான புதிதில் நான் முகத்தில் வைத்துக்கொண்ட அதே வாசனை. "என்ன பிள்ள, பொத்தான் அறுந்திருக்கா?" என்றார், அத்தை அவரிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள் பாவி. நான் அழுதுகொண்டே, "பட்டுப்பூச்சி திரும்பி வந்திட்டு" என்றேன். டாக்டரம்மா மறுபடி சோதித்து நல்லது சொன்னது அதற்குப் பிறகுதான். எனக்கு முன்னமே தெரியும். அதற்கடுத்த மழைக்காலத்தில் நீ பிறந்தாய்.

ராசா, இந்தக் கதையில் எனக்குக் கோபம் என்று யார் மேலும் மிச்சமில்லை. எண்ணிப் பார்த்தால் நன்றிதான் மனசு முழுக்க இருக்கிறது. என் உளறலைத் தள்ளிவிடாத அந்த டாக்டரம்மாவுக்கு நன்றி. வாசல் குழாய்க்காக சேட்டுக்கு நன்றி. என் கையைப் பிடித்த உன் அத்தைக்கு நன்றி. எல்லாருக்கும் மேலே, குடையை எடுத்துக்கொண்டு கூட வந்த உன் அப்பாவுக்கு. அவர் அன்று சும்மா உட்கார்ந்திருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். இன்னொரு பெண்ணும் வந்து என்னைப் போலவே பச்சிலை குடித்துக்கொண்டிருப்பாள், உன் அப்பா அந்தக் காரீயத்திலேயே நொந்து செத்திருப்பார், நீ பிறந்திருக்கவே மாட்டாய்.

உன் ஆலை மருந்தால்தான் உனக்குக் குழந்தை இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கு என்ன தெரியும்? ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். போய்ப் பார்த்தால்தானே தெரியும். அது தெரிகிற வரை ஆலையில் கையுறையும் முகமூடியும் இல்லாமல் மருந்துப் பக்கம் போகாதே. சூப்பர்வைசர் போட்டால்தான் கீழே இருக்கிறவனும் போடுவான். வேலை மேசையில் டிபன் டப்பாவைத் திறக்காதே. அந்தச் சட்டையை ஆலையிலேயே கழற்றிவிட்டு, குளித்துவிட்டு வீட்டுக்கு வா. அதைக் கலா கையால் துவைக்கக் கூடாது. இவ்வளவு செய்தும் பிள்ளை இல்லை என்றாலும் வானம் இடிந்து விழாது. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போனீர்கள் என்று இருக்கட்டும். அவள் மட்டும் உள்ளே, நீ மட்டும் வெளியே வேர்க்கடலையோடு என்று இனி வேண்டாம். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

கலா, இவ்வளவு நேரம் வாசித்தாயே, உன் தொண்டை வறண்டிருக்கும். இந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடி அம்மா. தாளை அவன் கையில் கொடு. ராசா, கடைசி வரியை உனக்காகப் பெரிய எழுத்தில் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறேன். உன் அப்பா எனக்குச் சொன்னதுதான். எழுத்துக் கூட்டியே வாசி, அவசரமில்லை, அவள் காத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவளுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாக வாசி.

கலா, நில். நானும் வருகிறேன்.